நேர் விமானம் இல்லாத ஊர்

பேருந்தின் கடைசிப் படியில் நின்றுகொண்டு அக்கா காலால் தரையைத் தேடினாள். இடது கால் இறங்கிவிட்டது. வலது கால் வர மறுத்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருடா, இருடா. ஒரு காலு இன்னும் வந்து சேரல. பின்னாடி அடுத்த பஸ்ல வருது போல."

பதினைந்து மணி நேரம் உட்கார்ந்தே வந்தவள். இரண்டு ஊருக்கும் நடுவே மலை. சாலை அந்த மலையோடு மோதாமல் ஒதுங்கி, வளைந்து, ஏறி, இறங்கி, எழுநூற்று எண்பது கிலோமீட்டராக நீண்டுவிடுகிறது. செருப்பைக் கையில் வைத்திருந்தாள். வீங்கிய பாதத்துக்குள் அது நுழையவில்லை.

"ரெண்டு வருஷமாச்சுடா உன் மூஞ்சியைப் பார்த்து. உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. நேரா ஒரு பிளேன் இருந்தா நீ வராமலா இருப்பே? அதான், பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் தையலெல்லாம் முடிஞ்சதும் நானே கிளம்பிட்டேன்."

அவன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். முகத்தைக் காட்டாமல் இருக்க அது ஒரு வசதி.

நேர் விமானம் இருந்தது. தினமும் மதியம் இரண்டு பத்துக்கு. நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அவனைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்த நகரத்திலேயே கிடையாது.

விமான நிலையத்தின் பின்பக்கம், சரக்குக் கிடங்கை ஒட்டிய மாடியில், ஜன்னல் திறக்க முடியாத ஓர் அறையில் அவனுக்கு வேலை. ஒவ்வொரு விமானமும் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் பிடிக்கும், போகிற இடத்தைப் பனி மூடிவிட்டால் வேறு எங்கே இறங்குவது என்று கணக்குப் போட்டு, கையெழுத்திட்டு விமானியிடம் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு தூரம் இருக்கும். ஒன்று தரைத் தூரம். அக்காவின் ஊருக்கு அது இருநூற்றுப் பன்னிரண்டு நாட்டிகல் மைல், ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். அது மாறாது. இன்னொன்று காற்றுத் தூரம். எதிர்க்காற்று பலமாக அடிக்கிற நாளில் விமானம் அதே ஊருக்குப் போய்ச் சேர அதிக மைல்களைப் பறந்து தீர்க்க வேண்டும். பின்காற்று வீசினால் குறைவு. ஒரே மேசையில் எதிரே உட்காரும் கூட்டாளி, மேகத்தைப் பார்த்தாலே மழை என்று எழுதிவிடுவதால் புயல் என்று பெயர் வாங்கியவர், காலையில் திரையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

"உங்க அக்கா ஊரு இன்னைக்கு முப்பத்தஞ்சு மைல் தள்ளிப் போயிடுச்சுப்பா. சீக்கிரம் போய்ப் பிடி."

எப்படிப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊழியர்களுக்கு இடம் இருந்தால் சீட்டும் இலவசம்.

அவன் முதலில் பொய் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கே விளங்காத இடம். அத்தான் படுக்கையில் விழுந்த புதிதில் அக்கா போன் செய்து, "ஒரு எட்டு வந்துட்டுப் போடா, உன்னைக் கேக்குறாரு" என்றாள். "நேர் விமானம் இல்லக்கா, நடுவுல இறங்கி மாறணும், போக ஒரு நாள் வர ஒரு நாள்" என்று அவன் சொன்னது அன்றைக்கு நிஜம். மூன்று மாதம் கழித்துப் புது வழித்தடம் வந்தது. முதல் நாள் விமானத்துக்கு வழி வகுத்ததே அவன்தான். அன்று சாயங்காலம் அக்காவிடம் பேசினான். அத்தானுக்கு வாய் கோணிவிட்டதையும், சாப்பாடு ஊட்டும்போது பாதி வெளியே வழிவதையும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். விமானத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். அடுத்த வாரம் அவள், "உனக்குத்தான் பிளேன் இல்லையே, பாவம்" என்று தானாகவே சொன்னாள். "ஆமாக்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையோடு கதவு சாத்திக்கொண்டது.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தானோடு சண்டை கிடையாது. இவனைப் படிக்க வைத்த மனிதர் அவர். நோயாளியின் அறைக்குள் போய் நிற்க அவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைவிட ஒரு பெரிய காரணம் இருந்திருந்தால் தன்னை மன்னிப்பது சுலபமாக இருந்திருக்கும் என்று அவன் பலமுறை நினைத்ததுண்டு.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தான். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. மறுநாளும் வற்றவில்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கட்டல, நல்ல வேளை" என்றார் அவர். "ஆனா திரும்பவும் பஸ்ல போற வேலை வேண்டாம். அவ்வளவு நேரம் காலைத் தொங்கப் போட்டா இந்தத் தடவை தப்பிச்ச மாதிரி அடுத்த தடவை தப்பிக்க முடியாது. பிளேன்ல அனுப்புங்க."

"அங்க நேரா பிளேன் இல்லீங்க," என்றாள் அக்கா.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இல்லையா?"

"இல்லீங்க. என் தம்பி ஏர்போர்ட்லதான் இருக்கான். பிளேனுக்கு வழி சொல்றதே இவன்தான். மேல் வீட்டு வாத்தியாரும் உங்களை மாதிரிதான், நேரா பிளேன் போகுதேம்மான்னாரு. நான் விட்டுக் குடுப்பனா? என் தம்பிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சான்னு நாலு பேருக்கு முன்னாடி கேட்டுட்டேன். மனுஷன் அதுக்கப்புறம் என்கிட்ட வாயே திறக்கல."

சொல்லிவிட்டுப் பெருமையோடு அவன் பக்கம் திரும்பினாள்.

டாக்டரம்மாவும் அவனைப் பார்த்தார். "போன வருஷம் ஒரு கூட்டத்துக்கு நானே அங்க..." என்று தொடங்கியவர் அவன் முகத்தில் எதையோ கண்டு வார்த்தையை விழுங்கினார். பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். அறையில் இருந்த மூன்று பேரில் இருவருக்குத் தெரிந்த ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப விட்டிருக்காங்கக்கா," என்றான் அவன். "புதுசு. உன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன்."

டாக்டரம்மா தலை குனிந்து மாத்திரைப் பெயரை எழுத ஆரம்பித்தார். அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்நியர் ஒருவர் தனக்காக வெட்கப்பட்டு முகத்தைத் தாழ்த்துவதை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிக்கொண்டு ஊருக்குப் போன் போட்டாள். "ஏய், உங்கம்மா பிளேன்ல வரப்போறாடி! புதுசா விட்டிருக்காங்களாம். மாமா சொன்னான். இப்பச் சொல்லு, அந்த வாத்தியாருக்கு நான் குடுத்தது சரியான பதில்தானே? அவரு சொன்னப்ப ஏது பிளேன்? நான் வந்ததும் இனிப்பு வாங்கிட்டுப் போய் அவரு வாசல்லயே சொல்றேனா இல்லையா பாரு."

மறுமுனையில் இருந்தது அக்காவின் மகள். "என்னடி, லைன் இருக்கா?" என்றாள் அக்கா. பிறகு போனை நீட்டினாள். "உன்கிட்ட பேசணுமாம்."

அவன் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் பால்கனிக்குப் போனான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா, மாமா?" என்றாள் அவள்.

அவன் கொடியில் தொங்கிய துணியை ஓரமாக ஒதுக்கினான்.

"எனக்குத் தெரியும் மாமா. அப்பா போன அன்னைக்கே தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு நீங்க எப்ப வருவீங்கன்னு போன்ல தேடிப் பார்த்தேன். ரெண்டு பத்துக்கு ஒண்ணு இருந்துச்சு. அப்ப மணி பதினொண்ணுதான். உங்ககிட்ட கேக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள நீங்க அம்மாகிட்ட பிளேன் இல்லன்னு சொல்லிட்டீங்க."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"அன்னைக்கு அம்மாவுக்கு இருந்தது போதும். இதையும் நான் குடுக்கணுமா?" அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அம்மாவுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். உங்களுக்காக இல்ல. இனியும் நீங்க சொல்லலைன்னாலும் நான் சொல்லமாட்டேன். ஆனா புதுசுன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க மாமா. இங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும், எங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. அவங்க போய் வாத்தியார் வாசல்ல இனிப்போட நின்னு பேசுவாங்க. அவரு நல்லவரு, பேசாம வாங்கிக்குவாரு. பக்கத்துல இருக்கிறவங்க சிரிப்பாங்க."

போனைத் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்தபோது அக்கா அவனுடைய ஜன்னல் திரையின் கிழிந்த ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வந்த இடத்தில் ஊசியும் நூலும் எங்கே கிடைத்தனவோ. "என்ன சொல்றா?" என்றாள்.

"உன் காலைப் பார்த்துக்கச் சொல்றா."

இரண்டு நாள் போனது. ஒவ்வொரு வேளையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எதிரே உட்கார்ந்தான். அக்கா எதையாவது பேசுவாள், அவன் தட்டைப் பார்ப்பான். பேச்சு ஓய்ந்த நேரங்களில் இருவரும் பேசாமல் இருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே அவன் பேசாத பிள்ளை என்பதால் அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. அவனுக்கு அந்த அமைதிக்குள் அத்தான் போன அந்த நாள் முழுதாக வந்து உட்கார்ந்திருந்தது.

அன்று அவன் வேலையில் இருந்தான். பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. எழுந்து போய் ஒரு சீட்டு வாங்கியிருந்தால் மூன்று பத்துக்குள் அந்த ஊரில் இறங்கியிருக்கலாம். ஆனால் அப்படிப் போய் நின்றால், "எப்படிடா இவ்வளவு சீக்கிரம்?" என்று யாராவது கேட்பார்கள். இரண்டு வருடப் பொய்யும் பிணத்துக்கு முன்னால் அவிழ்ந்துபோகும். அதனால் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். புயலிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் இரவுப் பேருந்து பிடித்து, எல்லாம் முடிந்த பிறகு, மூன்றாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தான். பேருந்தை அவன் வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தான். களைத்த முகம் ஒன்று தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு விமான நிலையத்துக்குக் கூட்டிவந்தான். காலைப் பார்த்துவிட்டுச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "காலு வீங்கினதுல ஒரு லாபம். மகாராணி கணக்கா போறேன் பாரு." தள்ளுகிறவர், "பாதுகாப்புச் சோதனைக்குப் போக இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா, பேசிட்டிருங்க" என்று சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

அவன் நாற்காலிக்கு எதிரே இரும்பு இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அக்கா. அந்த பிளேன் புதுசு இல்ல."

"ஏன்டா, பழைய வண்டியா? நல்லா போகும்ல?"

"வண்டியைச் சொல்லல. இந்த வழி. நாலு வருஷமா ஓடுது."

அவளுடைய சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவது என்று தெரியாததுபோல உதட்டில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. பிறகு மடியில் இருந்த கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எண்ணுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"அப்ப, அவரு படுத்திருந்தப்ப?"

"இருந்துச்சு."

ஒலிபெருக்கியில் வேறு ஏதோ ஊருக்கு அழைத்தார்கள். அது முடியும்வரை காத்திருந்தாள்.

"போன அன்னைக்கு?"

"இருந்துச்சுக்கா. ரெண்டு பத்து. நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பதினேழு சீட்டு காலியா போச்சு."

அவள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். பாதியைச் சொல்லி மீதியை வைத்துக்கொண்டால் அதுவும் இன்னொரு நாள் பெரிதாகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தினமும் அந்தத் தாளில் ஆட்களின் எண்ணிக்கையை எழுதுகிறவன் அவன். அந்த ஒரு நாளின் எண் மட்டும் அவனை விட்டுப் போகவே இல்லை.

"பதினேழா," என்றாள் அக்கா.

அவன் தரையைப் பார்த்தான். யாரோ ஒருவருடைய பெட்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"நீ பஸ்ல வந்தே. உன் மூஞ்சி செத்துப்போய்க் கிடந்துச்சு. பாவம், மூணு நாளா அலைஞ்சு வந்திருக்கான்னு உனக்குச் சுடுதண்ணி வெச்சேன்."

"ஆமாக்கா."

"வீட்டுல எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க. நான் அடுப்படியில நின்னு உன் காலுக்குச் சுடுதண்ணி வெச்சுக்கிட்டிருந்தேன்."

அவன் தன் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"ஏன்டா?"

"வந்தா தெரிஞ்சிடும்னுதான்."

"என்ன தெரிஞ்சிடும்?"

"பிளேன் இருக்குன்னு."

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு சின்னப் பிள்ளை சொல்லும் சாக்கைக் கேட்டு அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமா என்று தேடுகிற பார்வை. எதுவும் இல்லை என்று தெரிந்ததும் கண்களை எடுத்துக்கொண்டாள்.

"அதுக்காகவா," என்றாள். அது கேள்வியாக இல்லை.

தள்ளுகிறவர் வந்துவிட்டார். "போலாமாம்மா?"

"போலாம்ப்பா."

நாற்காலி திரும்பியது. நான்கு அடி போனதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். முதுகு அவன் பக்கம். தலையை மட்டும் லேசாகத் திருப்பினாள்.

"வாத்தியார்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நான் பேசுறேன்க்கா. போன் போட்டு நானே..."

"நீ பேசாதே. நீ இதுவரைக்கும் பேசினதே போதும்."

நாற்காலி கண்ணாடிக் கதவுக்குள் போனது. கதவு மூடிக்கொண்டது.

அவன் மாடிக்கு ஏறினான். புயல் அந்தத் தாளை எடுத்து வைத்திருந்தார். "அக்கா உள்ள போயிட்டாங்களா? சாப்பிட ஏதாச்சும் வாங்கிக் குடுத்தியா?" என்றார். "ம்" என்றான். பயணிகள் அறுபத்தொன்று என்று இருந்தது. எரிபொருளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். மூன்றாவது முறையும் கூட்டினான். கையெழுத்துப் போட்டான். இரண்டு பத்துக்கு விமானம் ஓடுபாதையைத் தாண்டி மேலே போகும் சத்தம் திறக்காத ஜன்னல் வழியாக மங்கலாகக் கேட்டது. "தண்ணி குடிய்யா, மூஞ்சி என்னமோ மாதிரி இருக்கு," என்றார் புயல்.

மூன்றே காலுக்கு அக்கா மகளிடமிருந்து செய்தி வந்தது. வந்துட்டாங்க.

நாலரைக்கு இன்னொன்று வந்தது. சிவந்த கண்ணோட வந்தாங்க. நான் எதுவும் கேக்கல. தண்ணி குடிச்சிட்டு டம்ளரைத் திருப்பிக் குடுக்கிறதுக்குள்ள இறங்கச் சொல்லிட்டாங்களாம். வீட்டுக்கு வந்ததுல இருந்து அதை மட்டும்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க.

அவன் பதில் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். வர்ற சனிக்கிழமை நான் வரட்டுமா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றியா?

அக்கா வீட்டுக்குப் போக அவன் இதுவரை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அனுப்பிவிட்டுப் போனை மேசையில் குப்புற வைத்தான். எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான். வேலை முடிந்து புயல் கிளம்பிப் போனார். அடுத்த ஆள் வந்து நாற்காலிக்காகக் காத்து நின்றார். அப்போதுதான் போன் அதிர்ந்தது.

கேக்கலாம்னு பார்த்தேன் மாமா. அம்மா வீட்டுல இல்ல. வாத்தியார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு மேல கிளம்பிட்டாங்க. காலு சரியாகட்டும்மான்னு சொன்னேன், கேக்கல. கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏறுறாங்க.

அந்த மாடிக்கு எத்தனை படி என்று நினைத்துப் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவன் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை.